கல்லூரி நம் வாசலுக்கு வந்தால் என்ன கேட்போம்?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் பேசியது. வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று வழக்கமாகப் பேசுகிற விஷயங்களைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, இன்று ஒரு புது விஷயம் பேசப் போகிறோம். நம் வட்டாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. "எங்கள் மாணவர்கள் உங்கள் கூட்டமைப்புக்கு ஏதாவது ஒரு கருவியோ, கம்ப்யூட்டர் திட்டமோ செய்து தர விரும்புகிறார்கள். காசு எதுவும் வேண்டாம். என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள்.

செயற்குழுவில் கடிதத்தைப் படித்ததும் இரண்டு விதமாகப் பேச்சு வந்தது. "சும்மா கொடுக்கிறாங்க, வாங்கிக்குவோம்" என்றார்கள் சிலர். "போன தடவை வந்ததே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள் சிலர். இரண்டுமே நியாயமான பேச்சுதான். அதனால்தான் உடனே பதில் எழுதாமல், உங்கள் எல்லோரையும் கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருக்கிறோம்.

போன தடவை நடந்தது பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு கல்லூரிப் பிள்ளைகள் வந்து, மழைக்காலத்தில் வத்தல் காயவைக்க விசிறி வைத்த ஒரு பெட்டி செய்து கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். ராத்திரி பகலாக உழைத்தார்கள். கொடுத்த அன்றைக்கு மாலை, போட்டோ எல்லாம் ஆச்சு. ரெண்டு மாதத்தில் விசிறி நின்றுபோனது. போன் போட்டால், "நாங்க படிப்பு முடிச்சு வேலைக்கு வந்துட்டோம், அக்கா" என்றார்கள். கல்லூரியில் கேட்டால், அந்த வேலைக்கு மார்க் போட்டு முடித்தாயிற்று என்றார்கள். நம்ம ஊர் எலக்ட்ரீசியனுக்கு அந்தப் பெட்டியின் உள்ளே இருந்தது என்னவென்றே புரியவில்லை. இன்றைக்கு அது பழைய பதிவேடு வைக்கிற அலமாரியாக நிற்கிறது.

இதில் பிள்ளைகள் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைகள் படிப்பு முடித்துப் போவார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் வத்தல் காயவைக்கிற வேலை வருடா வருடம் நமக்கு இருக்கிறது. போகிறவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும் நடுவில் யார் பொறுப்பு? கேள்வி அதுதான். இந்தக் கேள்விக்கு ஒரு பல்கலைக்கழகம் 1995-ஆம் ஆண்டிலிருந்து விடை தேடி நடத்திக்கொண்டு வருகிறது. அது வெளிநாட்டில் நடப்பது. ஆனாலும் அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், நம் கல்லூரிக்கு என்ன பதில் எழுதுவது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

எபிக்ஸ் என்ற மையம்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் வெஸ்ட் லஃபயெட் என்ற ஊரில் பர்டியூ பல்கலைக்கழகம் இருக்கிறது. 1869-இல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம். அங்கே மின் பொறியியல் துறையில் எட்வர்ட் காயில், லியா ஜேமிசன் என்ற இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். ஜேமிசன் ஒரு பெண்மணி. பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிக்கே தலைமை ஏற்றவர்.

இவர்கள் இரண்டு பக்கத்தையும் பார்த்தார்கள். ஒரு பக்கம், பொறியியல் படித்த பிள்ளைகளுக்குக் கணக்கு தெரிகிறது, பாடம் தெரிகிறது. ஆனால் நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யவோ, பொருளை வைத்துப் பிழைக்கப் போகிறவரிடம் உட்கார்ந்து பேசவோ பழக்கம் இல்லை. இன்னொரு பக்கம், அதே ஊரில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான மையம், வீடில்லாதவர்களுக்கு உதவும் அமைப்பு, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ இருக்கின்றன. அவர்களுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் என்ஜினீயரைக் கூலிக்கு வைக்கப் பணம் இல்லை. இந்த இரண்டு பேரையும் ஒன்று சேர்த்தால் என்ன என்று யோசித்து, 1995-இல் 40 மாணவர்களையும் 5 திட்டங்களையும் வைத்து ஆரம்பித்தார்கள். அதற்கு எபிக்ஸ் என்று பெயர். 'சமூக சேவையில் பொறியியல் திட்டங்கள்' என்று தமிழில் சொல்லலாம். பிறகு வில்லியம் ஓக்ஸ் என்ற பேராசிரியரும் சேர்ந்துகொண்டார். பொறியியல் கல்வியில் புதுமை செய்ததற்காக அமெரிக்காவின் தேசியப் பொறியியல் அகாடமி வழங்கும் கார்டன் பரிசு 2005-இல் இந்த மூவருக்கும் கிடைத்தது.

பரிசு கிடைத்தது அவர்களுக்குப் பெருமை. நாம் பார்க்க வேண்டியது அவர்கள் செய்த வேலையை. இரண்டு உதாரணம் சொல்கிறோம்.

வீடில்லாதவர்களின் பதிவேடு

லஃபயெட் ஊரில் வீடில்லாத குடும்பங்களுக்கு உதவுகிற பல அமைப்புகள் இருந்தன. ஒன்று தங்க இடம் தரும், இன்னொன்று சாப்பாடு தரும், வேறொன்று வேறு உதவி செய்யும். ஒவ்வொருவரும் தனித்தனிப் பதிவேடு. உதவி கேட்டு வருகிற ஒரு தாய், தன் கஷ்டத்தை ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து சொல்லவேண்டும். யாருக்கு எந்த உதவி கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று மொத்தமாகப் பார்க்க வழியில்லை.

எபிக்ஸ் மாணவர்கள் இந்த அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் பதிவேடு செய்யும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். உதவி கேட்டு வருபவரின் குடும்ப ரகசியம் எல்லோர் கண்ணிலும் படக்கூடாது. அமைப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யவும் வேண்டும், வந்தவரின் மானமும் காக்கப்பட வேண்டும். இதுதான் அந்தத் திட்டத்தின் நிபந்தனை.

நம்ம குழுவிலும் இதே கதைதானே, சகோதரிகளே. யார் எதற்குக் கடன் வாங்கினார், எந்த மாதம் தவணை தவறியது, ஏன் தவறியது என்பதெல்லாம் நம் பதிவேட்டில் இருக்கிறது. குழுவுக்குள் அது தெரிந்திருப்பது நம்பிக்கை. அதுவே ஊரெல்லாம் தெரிந்தால் அவமானம். இந்த வித்தியாசம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாம்தான் சொல்லவேண்டும்.

குழந்தைகளின் பொம்மை

இரண்டாவது உதாரணம், அதே ஊரில் இருந்த ஊனமுற்ற குழந்தைகளுக்கான மருத்துவ மையம். கை கால் சரியாக வராத குழந்தைகளுக்காக மின்சார பொம்மைகளை எபிக்ஸ் மாணவர்கள் செய்தார்கள்.

பொம்மை என்றால் விளையாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். கடையில் விற்கிற பொம்மையில் பொத்தான் சின்னதாக இருக்கும். விரலை மடக்க முடியாத குழந்தையால் அதை அமுக்க முடியாது. அந்தக் குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். அதே பொம்மைக்கு உள்ளங்கையால் தட்டினாலோ, தலையைச் சாய்த்துத் தொட்டாலோ ஓடுகிற மாதிரி ஒரு பெரிய சுவிட்ச் வைத்துவிட்டால், "நான் செய்தேன், அது ஓடியது" என்ற சந்தோஷம் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும். திரும்பத் திரும்பத் தட்டும்போது கைக்கும் பயிற்சி ஆகிறது.

எந்தக் குழந்தைக்கு எந்தப் பக்கம் அசைவு இருக்கிறது என்பது என்ஜினீயரிங் புத்தகத்தில் இருக்காது. அந்தக் குழந்தைக்குத் தினமும் பயிற்சி கொடுக்கிறவருக்கும், பெற்ற தாய்க்கும்தான் தெரியும். ஆகவே பொருளைச் செய்வது மாணவர்கள் கையில் இருந்தாலும், அதற்கான அறிவில் பாதி அந்த மையத்தில் இருப்பவர்களிடம்தான் இருக்கிறது.

அவர்கள் வைத்த ஒழுங்கு

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். பிள்ளைகள் போனபின் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எபிக்ஸ் என்ன செய்தது?

முதலாவது, அமைப்புகளை அவர்கள் 'பயனாளி' என்று சொல்வதில்லை, 'கூட்டாளி' என்கிறார்கள். நமக்கு பயனாளி என்ற வார்த்தை பழகிப்போன வார்த்தை. கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர் பயனாளி. கூட்டாளி என்றால் கூடவே உட்கார்ந்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்கிறவர்.

இரண்டாவது, ஒரு குழுவில் முதலாம் ஆண்டு மாணவரிலிருந்து கடைசி ஆண்டு மாணவர் வரை கலந்திருப்பார்கள். ஒரே மாணவர் பல செமஸ்டர்கள் அதே குழுவில் தொடரலாம். மூத்தவர் படிப்பு முடித்துப் போகும்போது, அந்த வேலை தெரிந்த இளையவர் அங்கே இருப்பார். நம் குழுவில் ஊக்குநர் மாறும்போது புதியவரைக் கூட வைத்துப் பழக்கிவிட்டுப் பொறுப்பைக் கொடுக்கிறோம் அல்லவா, அதே முறை. திட்டம் ஒரு செமஸ்டரோடு முடியாமல் பல வருடம் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, இது பாடத்தில் சேர்ந்தது. மாணவர்களுக்கு மதிப்பெண் உண்டு, வழிகாட்ட ஆசிரியர் உண்டு, என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதவேண்டும். ஓய்வு நேரத்து உபகாரமாக இருந்தால் பரீட்சை வந்ததும் நின்றுவிடும். பாடமாக இருப்பதால் நிற்காது.

நான்காவது, வேலைக்குப் படிப்படியான ஒழுங்கு இருக்கிறது. தேவையைக் கண்டறிவது, பொருள் என்னென்ன செய்யவேண்டும் என்று எழுதி வைப்பது, யோசனைகளை ஒப்பிடுவது, விவரமாக வடிவமைப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது. இதோடு முடியாது. கொடுத்தபின் பராமரிப்பது என்று தனியாக ஒரு படி இருக்கிறது. பொருள் பழசாகிவிட்டால் அதைத் திருத்துவதா, ஓய்வு கொடுப்பதா என்று முடிவு செய்வதும் அந்த ஒழுங்கில் சேர்ந்ததுதான். நமக்கு வந்த வத்தல் பெட்டிக்கு இந்தக் கடைசிப் படி இல்லாமல் போனது.

நம் நாட்டில்

இந்த மாதிரி முயற்சி நம் நாட்டுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. என்.எஸ்.எஸ். முகாம் என்று நம் ஊருக்கும் பிள்ளைகள் வந்திருப்பார்கள். 2003-04-இல் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்காக 'ரூட்டாக்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உட்படப் பல ஐ.ஐ.டி.களில் இதற்கான மையங்கள் அமைந்தன. 2014 நவம்பரில் மத்திய அரசு 'உன்னத் பாரத் அபியான்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இதில் சேரும் கல்லூரி குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்து, அங்குள்ள பிரச்சினைகளுக்குத் தீர்வு தேடவேண்டும். நமக்குக் கடிதம் எழுதிய கல்லூரியிடம், "நீங்கள் இந்தத் திட்டத்தில் இருக்கிறீர்களா, எங்கள் ஊர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா?" என்று நாம் தாராளமாகக் கேட்கலாம்.

கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போகும்போது நாம் என்ன கேட்டுக்கொண்டு போகிறோம் என்பதுதான் விஷயம். செயற்குழு யோசித்து வைத்திருப்பதைச் சொல்கிறோம். நீங்கள் கூட்டலாம், குறைக்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, மெஷினைச் சொல்லாமல் வேலையைச் சொல்வோம். "எங்களுக்குப் புளி கொட்டை எடுக்கிற மெஷின் வேண்டும்" என்று சொன்னால், ஒரு மெஷின் வரும். "புளி தட்டுகிறபோது நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து இடுப்பு போகிறது, விரல் நசுங்குகிறது" என்று சொன்னால், ஒருவேளை நல்ல உயரத்தில் ஒரு மேடையும், விரல் அடிபடாத ஒரு தட்டுக்கருவியுமே போதும் என்று தெரியவரும்.

இரண்டு, மெஷின் வந்தால் யாருடைய கூலி போகும் என்று முதலிலேயே பேசிவிடுவோம். புளி தட்டுவது கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற வேலை. அதைச் செய்பவர்களில் வயதானவர்களும் துணையில்லாதவர்களும் நிறைய. பத்துப் பேர் வேலையை மெஷின் செய்தால், மீதி ஒன்பது பேர் என்ன செய்வது? மெஷின் கூட்டமைப்புக்குச் சொந்தமாக இருந்து, வருமானம் அந்தப் பத்துப் பேருக்கும் பங்காகப் போகுமா? அல்லது ஒரு வியாபாரி அதைப் பார்த்து நாலு மெஷின் வாங்கிப் போட்டுவிடுவாரா? மாணவர்களுக்கு இது தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. நாம் சொன்னால்தான் தெரியும்.

மூன்று, வேலை நாளில் வந்து பார்க்கவேண்டும். சால்வையும் வரவேற்பும் இருக்கிற நாளில் வந்தால் வேலை கண்ணில் படாது. கரண்டு போகிற நேரம், குழந்தை அழுகிற நேரம், மழை தூறுகிற நேரம், எல்லாவற்றையும் பார்க்கட்டும்.

நான்கு, இந்த வருடத்துப் பிள்ளைகள் போனபின் யார் என்று எழுத்தில் வாங்குவோம். பொறுப்பு ஆசிரியர் யார், அடுத்த வருடத்து மாணவர்களுக்கு வேலை எப்படிக் கைமாறும், எத்தனை வருடம் பராமரிப்பு என்று கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு ஒரு ஒப்பந்தம் வேண்டும்.

ஐந்து, நம்ம டவுனில் கிடைக்கிற சாமானால் செய்யவேண்டும். பக்கத்து லேத்துப் பட்டறையிலோ எலக்ட்ரீசியனிடமோ பழுது பார்க்க முடியவேண்டும். வரைபடமும் தமிழில் ஒரு விளக்கப் புத்தகமும் கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கவேண்டும். செய்யும்போதே நம் பெண்களில் இரண்டு பேர் கூட இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பத்தாவது படித்த நம் பெண்கள் கையில் ஸ்பேனரும் டெஸ்டரும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆறு, நம் விவரம் நம்முடையது. கணக்குப் பதிவேட்டுக்கான திட்டம் என்றால், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கடன் விவரம் எதையும் பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கக்கூடாது. பழகிப் பார்க்கப் பொய்ப் பெயரும் பொய்க் கணக்கும் போதும். 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவருடைய விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெறுவதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது.

ஏழு, கொடுத்த அன்றைக்கே விழா வேண்டாம். ஒரு சீசன் ஓடட்டும். நன்றாக ஓடினால், போட்டோவுக்கு நாமே மாலை வாங்குகிறோம்.

நம் பங்கு

கேட்கிறதோடு நம் வேலை முடியவில்லை. நாமும் கொடுக்க வேண்டியது உண்டு. நேரம் கொடுக்கவேண்டும். மாணவர்கள் வருகிறார்கள் என்றால், அந்த வேலையைத் தினமும் செய்கிறவர் அங்கே இருந்து பேசவேண்டும். தலைவி மட்டும் பேசினால் போதாது.

அதைவிட முக்கியமாக, உண்மையைச் சொல்லவேண்டும். நம்ம பழக்கம் உங்களுக்கே தெரியும். படிக்கிற பிள்ளை ஆசையாக ஒரு பொருளைச் செய்து கொண்டு வந்து, "எப்படி இருக்கு, அக்கா?" என்று கேட்டால், மனசு கஷ்டப்படுமே என்று "ரொம்ப நல்லா இருக்கு, தம்பி" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அப்புறம் அந்தப் பொருளை மூலையில் வைத்துவிடுகிறோம். இது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்கிற உதவி இல்லை. "கைப்பிடி உயரமா இருக்குது, தம்பி. எங்க ஆயாவால தூக்க முடியல" என்று சொன்னால்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. பொறியியல் பாடத்தை ஆசிரியர் சொல்லித்தருவார். கைப்பிடியின் உயரத்தை நாம்தான் சொல்லித்தர வேண்டும். நாம் அவர்களுக்கு ஒரு விதத்தில் வாத்தியார்தான்.

நம் குழந்தைகளும் நாளைக்கு இதே கல்லூரியில் படிக்கப் போகிறவர்கள். இப்போதே சில குழு உறுப்பினர்களின் பிள்ளைகள் என்ஜினீயரிங் படிக்கிறார்கள். தன் அம்மா செய்கிற வேலையே தன் பாடமாக வந்தால், அந்தப் பிள்ளை அந்த வேலையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

அடுத்து செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைப் பேசுங்கள். நம்மை அதிகம் வாட்டுகிற ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அது என்ன வேலை, யார் செய்கிறார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, உடம்பில் எங்கே வலிக்கிறது, அந்த வேலையில் யாருக்கு எவ்வளவு கூலி கிடைக்கிறது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாத அக்கா சொல்வதையும் அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள். பிரதிநிதிகள் மூலம் கூட்டமைப்புக்கு அனுப்பி வையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, மேலே சொன்ன ஏழு நிபந்தனைகளோடு கல்லூரிக்குப் பதில் எழுதுவோம்.

அவர்கள் ஒத்துக்கொண்டால் சேர்ந்து வேலை செய்வோம். "இவ்வளவு முடியாது, இந்த செமஸ்டருக்கு மட்டும்தான்" என்றால், நன்றி சொல்லி மரியாதையாக மறுத்துவிடுவோம். பழைய பதிவேடு வைக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு அலமாரி இருக்கிறது, இன்னொன்று வேண்டாம்.